லூப் எது வரைக்கும் சுத்தும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல், வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடில் "இஃப்" பற்றிப் பேசினோம். இன்னைக்கு லூப். பைத்தான் கத்துக்க ஆரம்பிச்ச நிறைய பேர் பாதியில் நின்னுபோற இடம் இதுதான்.

சனிக்கிழமை காலையில் ஒரு சின்னக் குழுவுக்கு நான் பைத்தான் சொல்லித் தர்றேன். யாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்க இல்லை. பி.காம் முடிச்சவங்க, லேப் டெக்னீஷியன், குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுட்டு இப்போ மறுபடி வேலைக்குப் போக நினைக்கிறவங்க, இப்படி. வேரியபிள் நடத்தும்போது எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு இருக்கும். இஃப் வரைக்கும்கூடப் பிரச்சினை இல்லை. லூப் நடத்தின அடுத்த வாரம் ரெண்டு நாற்காலி காலியா இருக்கும். போன் பண்ணிக் கேட்டா ஒரே பதில்: "எனக்கு லாஜிக் வரமாட்டேங்குதுங்க."

அந்த ரெண்டு நாற்காலிக்காகத்தான் இந்த எபிசோடு. ஏன்னா அவங்க எழுதி வெச்ச கோடை எடுத்துப் பார்த்தால் லாஜிக் சரியாகவே இருக்கும். தமிழில் யோசிச்சிருக்காங்க, சரியா யோசிச்சிருக்காங்க. அதைப் பைத்தானுக்கு மாத்துற இடத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் காலை வாரிவிட்டிருக்கு. அந்தச் சொல் "வரை". பேச்சில் "வரைக்கும்".

அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி, லூப்னா என்னன்னு ஒரு நிமிஷத்தில் பார்த்துடலாம்.

1967-ல் குழந்தைகளுக்காக லோகோன்னு ஒரு புரோகிராமிங் மொழி வந்தது. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியுர்ஸெய்க் ஆகியோர் உருவாக்கினது. அதில் ஒரு ஆமை இருக்கும். "100 அடி முன்னால போ", "90 டிகிரி வலது பக்கம் திரும்பு"ன்னு சொன்னால் போகும், திரும்பும், போற வழியில் கோடு போட்டுக்கிட்டே போகும். ஒரு சதுரம் வரையணும்னா போ, திரும்பு, போ, திரும்புன்னு எட்டு வரி எழுதணும். இல்லேன்னா "போ, திரும்பு. இதையே 4 தடவை செய்"னு சொல்லிடலாம். அவ்வளவுதான் லூப். அந்த ஆமை இன்னைக்கும் உயிரோட இருக்கு. பைத்தான் இன்ஸ்டால் பண்ணினால் பொதுவா கூடவே "டர்ட்டில்"னு ஒரு மாட்யூலும் வரும். அது இந்த லோகோ ஆமையோட வழித்தோன்றல்தான்.

"4 தடவை செய்"னு சொல்றதில் யாருக்கும் குழப்பம் வர்றதில்லை. எத்தனை தடவைன்னு முன்கூட்டியே தெரியாதபோதுதான் சிக்கல். அப்போ எண்ணிக்கைக்குப் பதிலா எப்போ நிறுத்தணும்னு சொல்லணும். தமிழில் அதைச் சொல்ல நாம எடுக்கிற சொல்தான் "வரை".

இதைக் காட்ட எனக்குப் பிடிச்ச மொழி "எழில்". கேள்விப்பட்டிருக்கீங்களா? முழுக்கத் தமிழ்ச் சொற்களாலேயே கோட் எழுதுற ஒரு கணினி மொழி. முத்து அண்ணாமலை உருவாக்கினது, ஓப்பன் சோர்ஸ். 2009-லேயே இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டிருக்கார். தமிழ் தெரிந்த பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத் தடை இல்லாமல் புரோகிராமிங்கின் அடிப்படையைத் தொட்டுப் பார்க்கணும்ங்கிறதுதான் நோக்கம். உள்ளே ஓடுறது பைத்தான்தான். அதில் ஒரு லூப் இப்படி இருக்கும். காதில் கேட்கிறவங்களுக்காக மெதுவா வாசிக்கிறேன்.

மாடி = 1
@( மாடி <= 5 ) வரை
    பதிப்பி மாடி
    மாடி = மாடி + 1
முடி

"பதிப்பி"ன்னா திரையில் காட்டு. "முடி"ன்னா லூப்போட எல்லை இங்கே முடியுது. ஓட்டினால் 1, 2, 3, 4, 5-னு வரும். இதில் ஒரு அழகான விஷயம் இருக்கு, கவனிச்சீங்களா? பைத்தானில் "வைல்" முதலில் வரும், கண்டிஷன் பின்னாடி வரும். எழிலில் கண்டிஷன் முன்னாடி, "வரை" பின்னாடி. தமிழ் வாக்கியம் அப்படித்தானே போகும்? "பசி இருந்தால்" என்கிறோம். "ஆல் பசி இரு" என்று யாரும் சொல்றதில்லை. இதை யோசிச்சுச் செஞ்சிருக்காங்க.

இப்போ அந்த ரெண்டாவது வரியை மட்டும் தமிழா வாசிங்க. "மாடி, 5 அல்லது அதுக்குக் கீழே... வரை." இதுக்கு என்ன அர்த்தம்? மாடி 5-க்குள்ள இருக்கிற வரைக்குமா? இல்லை, மாடி 5-க்குள்ள வர்ற வரைக்குமா? ரெண்டும் நேர் எதிர். எழிலில் முதல் அர்த்தம்தான், அதாவது பைத்தானோட "வைல்". ஆனா சொல்லை மட்டும் பார்த்தால் அது எப்படித் தெரியும்?

இது எழிலோட குறை இல்லை. தமிழோட இயல்பு. மழையை வெச்சுப் பார்ப்போம். வீட்டில் ஒருத்தர், "மழை பெய்யுற வரைக்கும் உள்ளயே இரு" என்கிறார். இன்னொருத்தர், "மழை நிக்கிற வரைக்கும் உள்ளயே இரு" என்கிறார். பெய்யுறதும் நிக்கிறதும் எதிரெதிர். ஆனா ரெண்டு பேரும் சொன்னது ஒண்ணுதான்! ரெண்டு பேர் சொன்னதைக் கேட்டாலும் நனைய மாட்டீங்க. இப்போ மூணாவது ஒருத்தர், ஒரு விவசாயி, "மழை பெய்யுற வரைக்கும் விதைக்காம காத்திருந்தோம்" என்கிறார். முதல் ஆள் சொன்ன அதே "மழை பெய்யுற வரைக்கும்". ஆனா இங்கே அர்த்தம் தலைகீழ். மழை வந்ததும் காத்திருப்பு முடிஞ்சுபோச்சு.

நமக்கு இதில் குழப்பமே வராது. வினை எப்படிப்பட்டது, பேசுறவர் யார், என்ன சூழ்நிலைன்னு பார்த்துத் தானாப் புரிஞ்சுக்கிறோம். ஒரு நிலைமை நீடிக்கிறதைச் சொன்னால் "வரை" என்பது வைல். "உயிர் இருக்கும் வரை", "கையில காசு இருக்கிற வரைக்கும்". ஒரு சம்பவம் நடக்கிறதைச் சொன்னால் "வரை" என்பது அன்டில். "பஸ் வர்ற வரைக்கும்", "குக்கர் மூணு விசில் அடிக்கிற வரைக்கும்". நமக்கு இது மூச்சு விடுற மாதிரி. பைத்தானுக்குச் சூழ்நிலை தெரியாது, குக்கர் தெரியாது. அதுகிட்ட இருக்கிறது வைல் மட்டும்தான். "அன்டில்"னு ஒரு சொல்லே பைத்தானில் கிடையாது.

இதில் இன்னொரு சுவாரசியம். ஸ்கிராட்ச்சில் நிலைமை தலைகீழ். 2007-ல் எம்.ஐ.டி. மீடியா லேப் வெளியிட்ட, கட்டங்களை இழுத்து ஒட்டி விளையாட்டு செய்ற மொழி. இன்னைக்குப் பல ஸ்கூலில் குழந்தைகள் முதலில் தொடுறது அதுதான். அதில் பத்து தடவை செய், எப்பவும் செய், அப்புறம் "ரிபீட் அன்டில்". அதாவது "இது நடக்கிற வரைக்கும்". ஆக, ஸ்கிராட்ச்சில் ஆரம்பிச்சு பைத்தானுக்கு வர்ற பிள்ளை, நிறுத்துற கண்டிஷனை எழுதிப் பழகின கையோட, தொடர்ற கண்டிஷனை எழுதணும். யாரும் அதை ஒரு வார்த்தை எடுத்துச் சொல்றதில்லை.

சரி, இது என்ன பெரிய விஷயம், மொழி ஆராய்ச்சிதானேன்னு தோணலாம். ஒரு ஓடிபி உதாரணம் எடுத்துக்குவோம். வகுப்பில் நான் கொடுக்கிற பயிற்சி: பயனர்கிட்ட ஓடிபி கேளு, சரியா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேளு. தமிழில் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. "சரியா வர்ற வரைக்கும் கேளு." அதை அப்படியே எடுத்து, வைல், ஓடிபி சமம் சரியான எண், மறுபடி கேளு என்று எழுதுவாங்க. ஓட்டிப் பாருங்க. தப்பான எண்ணைப் போட்டால், "சமமா? இல்லை"ன்னு லூப் அங்கேயே முடிஞ்சு, "வாங்க வாங்க"ன்னு உள்ளே விட்டுடும். சரியான எண்ணைப் போட்டால், "சமமா? ஆமா"ன்னு மறுபடி கேட்கும், மறுபடி கேட்கும். திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு வீட்டுக்காரரை வாசலில் நிக்க வைக்கிற காவலாளி.

இதைப் பார்த்துட்டுத்தான் "எனக்கு லாஜிக் வராது" என்று எழுந்து போறாங்க. லாஜிக் இல்லாமலா "சரியா வர்ற வரைக்கும்"னு யோசிச்சாங்க?

நான் சொல்லித் தர்ற வைத்தியம் ரொம்பச் சின்னது. வைல் எழுதும்போது மனசுக்குள்ள "வரை"ன்னு வாசிக்காதீங்க. அதுக்குப் பதிலா "இன்னும்" போட்டு ஒரு கேள்வியா மாத்துங்க. ஒவ்வொரு சுத்துக்கும் முன்னாடி வாசலில் ஒருத்தர் நின்னு கேட்கிறார்னு வெச்சுக்குங்க: "ஓடிபி இன்னும் தப்பாவே இருக்கா?" ஆமான்னா இன்னொரு சுத்து. இல்லைன்னா வெளியே. "இன்னும் மழை பெய்யுதா?" ஆமான்னா உள்ளயே இரு. "மாடி இன்னும் 5-க்குள்ளதான் இருக்கா?" ஆமான்னா ஏறு. அந்தக் கேள்வியில் இருக்கிறதைத்தான் வைல் பக்கத்தில் எழுதணும். அப்போ ஓடிபி கதையில், ஓடிபி சமம் இல்லை சரியான எண், அப்படின்னு தானா வந்து நிக்கும். "இன்னும்"கிற சொல்லில் சம்பவத்துக்கு இடமே இல்லை. நீடிக்கிற நிலைமை மட்டும்தான் அதில் உட்காரும். அதனால்தான் இது வேலை செய்யுது.

இப்போ இதையே ஒரு படி சிக்கலாக்குவோம். நிஜத்தில் யாரும் எத்தனை தடவை வேணும்னாலும் ஓடிபி போட விடமாட்டாங்க இல்லையா? மூணு தடவைதான். தமிழில் சொல்லுங்க: "சரியா வர்ற வரைக்கும், இல்லேன்னா மூணு தடவை ஆகுற வரைக்கும் கேளு." நடுவில் "இல்லேன்னா" இருக்கு. அதனால் கை தானாக "ஆர்"னு எழுதும். வைல், ஓடிபி தப்பு, ஆர், முயற்சி மூணுக்குக் கீழே. ரெண்டு கண்டிஷனையும் சரியாத் திருப்பியாச்சு. ஆனா நடுவில் இருக்கிற "ஆர்" திரும்பலை.

என்ன ஆகும்? ஆர்ன்னா ரெண்டில் ஒண்ணு உண்மையா இருந்தாலே லூப் ஓடும். ஒருத்தன் தப்புத் தப்பா போட்டுக்கிட்டே இருக்கான். மூணு தடவை ஆச்சு, நாலு ஆச்சு, நாப்பது ஆச்சு. "இன்னும் தப்பா? ஆமா." அது ஒண்ணு போதும், லூப் ஓடிக்கிட்டே இருக்கும். மூணு தடவைங்கிற காவல் காகிதத்தில் மட்டும்தான். நாலு இலக்க எண்ணுன்னா மொத்தமே 10,000 சாத்தியம்தான். ஒரு சின்ன ஸ்கிரிப்டுக்கு அது ஒரு வேலையே இல்லை. இன்னொரு பக்கம், சரியான எண்ணை முதல் தடவையே போட்டவருக்கு, "இன்னும் மூணு தடவை ஆகலையே"ன்னு திரும்பக் கேட்கும். இதுவும் அந்தக் காவலாளியோட அண்ணன்தான்.

"இன்னும்" போட்டுப் பாருங்க. இன்னும் தப்பாவே இருக்கா? இன்னும் மூணு தடவை ஆகலையா? மறுபடி கேட்கணும்னா ரெண்டுக்குமே "ஆமா" வரணும். தப்பாவும் இருக்கணும், வாய்ப்பும் மிச்சம் இருக்கணும். அப்போ அங்கே வரவேண்டியது "அண்ட்". நிறுத்துறதுக்கு "அல்லது" என்றால், தொடர்றதுக்கு "அண்ட்". இதுக்கு டி மார்கன் விதின்னு பேர். 19-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் பிறந்த ஊர் நம்ம மதுரை. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தார்; குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. விதி மறந்தாலும் மதுரையை மறக்காதீங்க.

"வரை"யோட அடுத்த விளையாட்டு ஃபார் லூப்பில் வரும். ஏழாம் வாய்ப்பாடு எழுதணும். "1 முதல் 10 வரை." தமிழில் இப்படிச் சொன்னால் 10-ம் சேர்த்திதான். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பத்தாம் வகுப்பு வரை படிச்சார்னா பத்தாவதும் படிச்சிருக்கார்னு அர்த்தம். பைத்தானில் ரேஞ்ச் என்று போட்டு, அடைப்புக்குறிக்குள்ள 1, 10 என்று கொடுத்தால் 1-ல ஆரம்பிச்சு 9-லேயே நின்னுடும். ஏழாம் வாய்ப்பாடு அறுபத்து மூணோட முடிஞ்சுபோகும். 70 வராது. 10 வேணும்னா 11-னு எழுதணும்.

முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு இது வேணும்னே பண்ற குசும்பு மாதிரி இருக்கும். ஆனா எல்லா மொழியும் இப்படி இல்லை. 1964-ல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் மாணவர்களுக்காக உருவாக்கின பேசிக் மொழியில் 1 டூ 10-ன்னா 10-ம் உண்டு, நம்ம தமிழ் மாதிரியே. ஆக, இது மொழியை வடிவமைக்கிறவங்க எடுக்கிற முடிவு. பைத்தான் பக்கம் இருக்கிற நியாயத்தை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-ல் எழுதின ஒரு சின்னக் குறிப்பில் அழகா வாதாடியிருக்கார். நான் அதை ரயிலை வெச்சுச் சொல்றேன்.

சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு ரயில். ஒரு பெர்த்தை ஒருத்தர் சென்னை முதல் திருச்சி வரை புக் பண்றார். அதே பெர்த்தை இன்னொருத்தர் திருச்சி முதல் மதுரை வரை புக் பண்றார். சண்டை வருமா? வராது. முதல் ஆளோட உரிமை திருச்சி வந்ததும் முடிஞ்சது. திருச்சியிலிருந்து ரெண்டாவது ஆளோடது. திருச்சி ரெண்டு டிக்கெட்டிலும் இருக்கு, ஆனா பெர்த்துக்கு ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான். பைத்தானோட ரேஞ்ச் இந்த டிக்கெட் மாதிரி. கடைசி எண் நீங்க இறங்குற ஸ்டேஷன். அதுக்கு அப்புறம் அந்த சீட் உங்களோடது இல்லை.

இதோட பயன் என்னன்னா, ஒரு மாசத்தை வாரமாப் பிரிக்கணும்னு வெச்சுக்குங்க. ரேஞ்ச் 1, 8. அடுத்தது ரேஞ்ச் 8, 15. அப்புறம் 15, 22. எந்த நாளும் விட்டுப்போகாது, எந்த நாளும் ரெண்டு தடவை வராது. எத்தனை நாள்னு பார்க்க 8-ல 1 கழிச்சால் 7. கூட ஒண்ணு சேர்க்கணுமா, குறைக்கணுமான்னு தலையைச் சொறிய வேண்டியதில்லை. எனக்குக் கேட்டால் பேசிக் பேச்சுக்கு இயல்பு; பைத்தான் கணக்குக்கு வசதி. பழகினால் பைத்தான் வழிதான் நிம்மதி.

இப்போ நிறுத்தாமல் போற லூப். எழில் கோடை மறுபடி பாருங்க. அதில் "மாடி = மாடி + 1"ங்கிற வரியை அழிச்சிடுங்க. மாடி 1. இன்னும் 5-க்குள்ளதானா? ஆமா. 1-னு காட்டு. இன்னும் 5-க்குள்ளதானா? ஆமா. 1. 1. 1. திரை முழுக்க ஒண்ணு. கன்ட்ரோல் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு "சி" அழுத்தினால் பைத்தான் நிக்கும். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாது. எப்பவும் ஓடுற லூப்பே தப்புன்னு இல்லை. டிராஃபிக் சிக்னல் ஓடிக்கிட்டேதான் இருக்கணும். ஆர்டுயினோவில் "லூப்"னு பேர் வெச்ச பகுதி கரண்ட் இருக்கிற வரைக்கும் சுத்தும். பாருங்க, "இருக்கிற வரைக்கும்", இது வைல். தப்பு எதுன்னா, நிக்கும்னு நம்பி எழுதினது நிக்காமல் போறது.

இது புதுசா கத்துக்கிறவங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நினைக்காதீங்க. 2008 டிசம்பர் 31. மைக்ரோசாஃப்ட்டோட ஸூன்னு ஒரு மியூசிக் பிளேயர். மாசம் ஜூன் இல்லை, ஐபாடுக்குப் போட்டியா 2006-ல் வந்த கருவி. அன்னைக்கு அதில் 30 ஜிபி மாடல் வெச்சிருந்தவங்க ஆன் பண்றாங்க. திரை அப்படியே உறைஞ்சு நிக்குது. ஒருத்தருக்கு ரெண்டு பேருக்கு இல்லை, அந்த மாடல் வெச்சிருந்த எல்லாருக்கும் ஒரே நாளில்.

காரணம், கடிகாரத்துக்காக எழுதின ஒரு வைல் லூப். கருவிக்கு 1980-லிருந்து எத்தனை நாள் ஆச்சுன்னு தெரியும். அதிலிருந்து இது எந்த வருஷம்னு கண்டுபிடிக்கணும். எப்படி? நாள் 365-க்கு மேல இருக்கிற வரைக்கும், ஒரு வருஷத்தோட நாளைக் கழிச்சு, வருஷத்தில் ஒண்ணைக் கூட்டிக்கிட்டே போ. நல்ல யோசனைதான். லூப்புக்குள்ள என்ன எழுதியிருந்தாங்கன்னா: இந்த வருஷம் லீப் வருஷம் இல்லைன்னா 365 கழி. லீப் வருஷம்னா, நாள் 366-க்கு மேல இருந்தால் மட்டும் 366 கழி.

பேப்பரை எடுத்து நீங்களே ஓட்டுங்க. கழிச்சுக் கழிச்சு 2008-க்கு வந்தாச்சு. 2008 லீப் வருஷம், டிசம்பர் 31 அந்த வருஷத்தோட 366-ஆவது நாள். வாசல்காரர் கேட்கிறார்: நாள் இன்னும் 365-க்கு மேலயா? 366, ஆமா, உள்ளே போ. லீப் வருஷமா? ஆமா. 366-க்கு மேலயா? இல்லை, சரியா 366. அப்போ ஒண்ணும் செய்யாதே. திரும்ப வாசலுக்கு. நாள் இன்னும் 365-க்கு மேலயா? ஆமா. உள்ளே போ...

ஒவ்வொரு வரியும் தனித்தனியாப் பார்த்தால் நியாயமாத்தான் இருக்கு. லீப் வருஷத்தை மறக்கலை, 366-ஐ மறக்கலை. ஆனா லூப்புக்குள்ள ஒரே ஒரு பாதையில் எதுவுமே மாறலை. முதல் நாள், 365-ஆவது நாளில், லூப்புக்குள்ளேயே இந்தச் சிக்கல் வராது. அடுத்த நாள் 367-ஆகும். 366 கழிச்சால் 1, வருஷம் 2009, எல்லாம் சுபம். நாலு வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் மாட்டிக்கிற பொறி. மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? பேட்டரி தீர்ந்து அணையுற வரைக்கும் விடுங்க, கிரீன்விச் நேரப்படி ஜனவரி 1 மதியத்துக்கு அப்புறம் சார்ஜ் போட்டு ஆன் பண்ணுங்க. அதாவது, நாளைக்கு வாங்க.

அதனால் வைல் எழுதி முடிச்சதும் நான் ஒரு வேலை செய்யச் சொல்வேன். லூப்புக்குள்ள இஃப் இருக்கா? ஒவ்வொரு கிளை வழியாவும் விரலை வெச்சுக்கிட்டு நடங்க. எந்த வழியாப் போனாலும் வாசல்காரர் கேட்கிற கேள்வியில் இருக்கிற ஏதாவது ஒண்ணு மாறுதா? மாறாத வழி ஒண்ணு இருந்தாலும் அங்கே ஒரு டிசம்பர் 31 உட்கார்ந்திருக்கு.

இவ்வளவும் வைல் பற்றி. ஆனா பைத்தானில் பாதி நேரம் உங்களுக்கு வைல் தேவையே இல்லை. பட்டியல் கையில் இருந்தால் ஃபார் போடுங்க. பட்டியலில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் இதைச் செய். அங்கே "வரை"ங்கிற பிரச்சினையே எழாது. எழிலில் இதுக்குச் சொல் "ஒவ்வொன்றாக". கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோட வர்றவர், "பசி தீர்ற வரைக்கும் ஊத்து"ன்னு கணக்குப் போடுறதில்லை. இலை வரிசை இருக்கு, ஒவ்வொரு இலைக்கும் ஒரு கரண்டி, வரிசை முடிஞ்சால் வேலை முடிஞ்சது. அவருக்குப் பின்னாடி ரசம், அப்புறம் மோர். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும், ஒவ்வொரு இலைக்கும்: லூப்புக்குள்ள லூப். 12 பதார்த்தம், 50 இலைன்னா 600 தடவை குனியணும். வரிசையை மாத்தி, ஒவ்வொரு இலைக்கும் ஒவ்வொரு பதார்த்தம்னு எழுதினாலும் 600-தான். ஆனா பன்னிரண்டு வாளியையும் ஒரே ஆள் தூக்கிட்டு நடக்கணும். பைத்தானுக்கு முதுகு வலிக்காது, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

நம்ம பள்ளிப் பாடநூலில் லூப்புக்குத் தமிழ்ச் சொல் "மடக்கு". எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அது பழைய சொல். தண்டியலங்காரத்தில் மடக்கு ஒரு அணி: அதே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் அர்த்தம் வேற. லூப்புக்குள்ள இருக்கிற "பதிப்பி மாடி"ங்கிற வரியும் அதேதான். எழுத்து மாறாது; முதல் சுத்தில் அதுக்கு அர்த்தம் 1, அடுத்த சுத்தில் 2. பேர் வெச்சவங்க இதை நினைச்சு வெச்சாங்களோ என்னவோ, பொருத்தமா விழுந்திருக்கு.

அடுத்த எபிசோடில் ஃபங்ஷன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ராக்கெட் கவுன்ட்டவுன்: 10-லிருந்து 1 வரை, தலைகீழா எண்ணணும். பைத்தானில் ரேஞ்சுக்குள்ள மூணு எண் கொடுக்கலாம். ஆரம்பம் 10, கடைசியில் வர்ற மூணாவது எண் மைனஸ் 1, அதாவது ஒவ்வொண்ணாக் குறை. நடுவில் எந்த எண்ணைப் போடணும்? ஓட்டிப் பார்க்காம சொல்லுங்க. எந்த ஸ்டேஷனில் இறங்குறீங்கன்னு மட்டும் யோசிங்க.